கிணற்று நீர்மட்டம் இறங்குகிறதா? நோட்டுப்புத்தகம் சொல்லும் பதில்!

சென்னை, கோடம்பாக்கத்தை ஒட்டிய நுங்கம்பாக்கத்தில், 1792-ம் ஆண்டு வான் ஆய்வகம் அமைக்கப்பட்டது. அதே வளாகத்தில் இன்று வானிலை மையம் இயங்குகிறது. சென்னை மழைக்கு 200 ஆண்டுக்கால கணக்கு இருப்பது இதனால்தான். ஆனால், இதே வட்டாரத்தின் ஏரிகள் தப்பவில்லை. மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920-களில் தியாகராய நகர் உருவானது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது.

ஏரி மறைந்தால் கண்ணுக்குத் தெரியும். நிலத்தடி நீர் மெல்ல இறங்குவது தெரியாது. 2015 வெள்ளமும் 2019 வறட்சியும்தான் மனதில் நிற்கும். அந்த நினைப்பை வைத்து ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழப்படுத்தினால், பல ஆயிரம் ரூபாய் வீணாகலாம். அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளின் அளவுகள் இறங்குவரிசையில் அமைந்தாலும் உடனே முடிவுக்கு வர முடியாது. தற்செயலாகவே ஆறில் ஒரு முறை அப்படி அமைந்துவிடும்.

இதற்கு விஞ்ஞானிகள் பயன்படுத்துவது 'மான்-கெண்டல்' முறை. ஹென்றி மான் 1945-ல் வெளியிட்டது. பிறகு மாரிஸ் கெண்டல் வளர்த்தது. கூட்டல், கழித்தல் தெரிந்தால் போதும்.

ஆண்டுதோறும் மே மாதம் ஒரே தேதியில், இரவு முழுவதும் மோட்டாரை நிறுத்திவைத்து, விடியற்காலையில் அளக்க வேண்டும். கிணற்றின் விளிம்பிலிருந்து தண்ணீர் வரை எத்தனை அடி என்று குறிக்க வேண்டும். 10 ஆண்டுகள் சேர்ந்ததும், ஒவ்வோர் ஆண்டையும் அதற்குப் பிந்தைய ஆண்டுகள் அனைத்தோடும் ஒப்பிட்டால் 45 ஜோடிகள் வரும். இரண்டு ஆண்டுகளின் அளவு ஒன்றாக இல்லாதபட்சத்தில், 34 அல்லது அதற்கு மேற்பட்ட ஜோடிகளில் பிந்தைய ஆண்டின் ஆழம் அதிகமாக இருந்தால், மட்டம் உண்மையாகவே இறங்குகிறது. அது தற்செயலாக நடக்கும் வாய்ப்பு 100-க்கு 5-க்கும் குறைவு. ஒரு வெள்ள ஆண்டோ, வறட்சி ஆண்டோ இந்தக் கணக்கை எளிதில் குலைத்துவிடாது.

ஆண்டுக்கு எவ்வளவு இறங்குகிறது? ஒவ்வொரு ஜோடியின் வித்தியாசத்தையும் இடைப்பட்ட ஆண்டுகளால் வகுத்து, விடைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால், நடுவில் நிற்பதே பதில். 1968-ல் இதை விரிவாக்கியவர் இந்தியப் புள்ளியியல் அறிஞர் பிரணாப் குமார் சென்.

மாற்றம் இருக்கிறது என்பதைத்தான் இந்த முறை சொல்லும், காரணத்தைச் சொல்லாது. அதனால் பக்கத்திலேயே மழை அளவையும் எழுதிவர வேண்டும். மழை குறையாமல் மட்டம் மட்டும் இறங்கினால், அக்கம்பக்கத்தில் நீர் அதிகமாக உறிஞ்சப்படுகிறதா என்று பார்க்கலாம். அப்போது ஆழப்படுத்துவதைவிட, பண்ணைக்குட்டையும் தண்ணீர் குறைவாகக் கேட்கும் பயிரும் கைகொடுக்கும்.