பச்சை விளக்கு எரிகிறது. இணையம் மட்டும் இல்லை

கணினி ஆய்வகத்தில் ஐந்து நிமிடத்தில் செய்துவிடக்கூடிய சோதனை ஒன்று. இரண்டு கணினிகளை ஒரு சுவிட்ச் வழியாக இணையுங்கள். முதல் கணினியிலிருந்து இரண்டாவதற்குப் பிங் கட்டளை கொடுங்கள். நொடிக்கு ஒரு பதில் வரும். இப்போது இரண்டாவது கணினியின் கேபிளை மட்டும் சுவிட்சிலிருந்து உருவிவிட்டு, முதல் கணினியின் இணைப்பு விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். பதில் நின்றுபோயிருக்கும், விளக்கோ எரிந்துகொண்டே இருக்கும். அந்த விளக்கு சுவிட்ச் வரையுள்ள கம்பிக்கு மட்டுமே சாட்சி என்பதை மாணவர்களில் யாரேனும் ஒருவர் சொல்லிவிடுவார்.

ரவுட்டர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. ஸ்டாட்டிக் ரூட் எனப்படும் நிலையான வழியை மனிதர்தான் எழுதி வைக்கிறார்: ‘இந்த முகவரிகளுக்கான பொதிகளை அந்த ரவுட்டரிடம் கொடு’. எளிமையான ஏற்பாடு, ஓரிரு இணைப்புகளே உள்ள இடத்தில் இதுவே போதும். ஆனால் நடுவில் ஒரு சுவிட்சோ மீடியா கன்வெர்ட்டரோ இருந்து, அதற்கு அப்பால் இழை அறுந்தால், நம் பக்க விளக்கு அணையாது. ரவுட்டரும் பழைய வழியிலேயே பொதிகளை அனுப்பிக்கொண்டிருக்கும். அவசரத்துக்கென்று பணம் கட்டி வாங்கிய இரண்டாவது இணைப்பு பக்கத்திலேயே சும்மா கிடக்கும். முதல் வழி அட்டவணையிலிருந்து நீங்கினால்தான் அதற்கு முறை வரும். இணையவழித் தேர்வு நடக்கும் நேரத்தில் இப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஆசிரியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஓ.எஸ்.பி.எஃப். போன்ற வழித்தேர்வு நெறிமுறைகளில் அண்டை ரவுட்டர்கள் வழக்கமாக 10 நொடிக்கு ஒருமுறை வணக்கம் சொல்லிக்கொள்கின்றன. 40 நொடி சத்தமே இல்லையென்றால் அண்டை ரவுட்டர் போய்விட்டது என்று முடிவுசெய்யும். நிலையான வழியில் அந்தப் பேச்சே கிடையாது.

இந்தக் குறையைத் தீர்க்க உதவுவது பி.எஃப்.டி. என்ற நெறிமுறை. ‘பைடைரக்‌ஷனல் ஃபார்வர்டிங் டிடெக்‌ஷன்’ என்பதன் சுருக்கம். 2010ஆம் ஆண்டு ஆர்.எஃப்.சி. 5880 என்ற ஆவணத்தில் இது தரப்படுத்தப்பட்டது. இதை மாணவர்களுக்கு விளக்க நம் வருகைப் பதிவே போதும். காலையில் ஒருமுறை பெயர் கூப்பிட்டுக் குறித்துவிட்டு, மாலைவரை அதையே நம்பியிருப்பது நிலையான வழி. பி.எஃப்.டி.யில் இரு ரவுட்டர்களும் ஓயாமல் ஒன்றுக்கொன்று ‘உள்ளேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இடைவெளி 300 மில்லிநொடி, தொடர்ந்து மூன்று முறை குரல் வராவிட்டால் இணைப்பு இல்லை என்று வைத்துக்கொண்டால், 900 மில்லிநொடியில் செய்தி தெரிந்துவிடும். உடனே அந்த வழி அட்டவணையிலிருந்து நீங்கும். மாற்றுவழி அதன் இடத்துக்கு வரும்.

இங்கே ஒரு கணக்கும் போடலாம். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் முழுவதும் நிரம்பி ஓடும் இணைப்பில் 40 நொடி வீணானால் 500 மெகாபைட் தரவு போகும்; 0.9 நொடி என்றால் 11.25 மெகாபைட்தான்.

பெயரில் உள்ள ‘இருதிசை’ என்பதையும் கவனிக்க வேண்டும். போக ஓர் இழை, வர ஓர் இழை என்று அமைந்த இணைப்பில் ஒன்று மட்டும் அறுந்தால், ஒரு பக்கத்துக்குக் கேட்கும், மறுபக்கத்துக்குக் கேட்காது. கேட்காத ரவுட்டர் தன் நிலை ‘டவுன்’ என்று எழுதி அனுப்பும். கேட்டுக்கொண்டிருந்த ரவுட்டரும் அதைப் படித்துத் தன் வழியை விலக்கிக்கொள்ளும்.

அதற்காக இடைவெளியைக் கண்டபடி குறைக்கக் கூடாது. வேலைப்பளுவில் இருக்கும் சிறிய ரவுட்டர் இரண்டு மூன்று முறை ‘உள்ளேன்’ சொல்லத் தவறலாம். நல்ல இணைப்பே அறுந்ததாகக் கருதப்பட்டு, வழி மாறி மாறித் தள்ளாடும். என் கணிப்பில், பள்ளி அளவிலான வலையமைப்புக்கு ஒரு நொடியில் தெரிந்தாலே தாராளம்.

இரண்டு முனையிலும் பி.எஃப்.டி. இருக்க வேண்டும் என்பதுதான் நடைமுறைத் தடை. வீட்டு உபயோக மோடம்களில் பெரும்பாலும் இந்த வசதி இராது. சேவை நிறுவனமும் தன் பக்கத்தில் இதை இயக்க இசைய வேண்டும். இல்லாத இடத்தில், ரவுட்டரே சில நொடிகளுக்கு ஒருமுறை பிங் செய்து பார்த்து வழியை மாற்றும் ஏற்பாட்டைக் கேட்டுப் பெறலாம். வேகம் குறைவு என்றாலும் அதில் ஒரு வசதி உண்டு. நேரடி இணைப்பில் பி.எஃப்.டி. அடுத்த ரவுட்டர் வரைதான் பார்க்கும். பிங்கையோ அதற்கும் அப்பாலுள்ள ஒரு முகவரிக்கு அனுப்பலாம். அந்த ஒரு சர்வர் படுத்துவிட்டாலும் நம் இணைப்பு பழுது என்றாகிவிடுமே என்று மாணவர் கேட்டால், இரண்டு முகவரிகளைக் கொடுத்து, இரண்டிலிருந்தும் பதில் வராதபோது மட்டும் வழியை மாற்றச் சொல்லலாம்.