தோளில் ஒரு துணி

செம்பரம்பாக்கம் ஏரியை அடுத்த பெங்களூர் நெடுஞ்சாலையில் காலை வேளையில் நின்று பாருங்கள். இருங்காட்டுக்கோட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் ஆலைப் பேருந்துகள் வரிசையாகப் போகும். உள்ளிருப்போர் எந்த ஆலையினர் என்பதைச் சீருடையின் நிறமே சொல்லிவிடும். ஆனால் ஷிப்ட் முடிந்து வீடு திரும்பியதும் அத்தொழிலாளி தமக்குப் பிடித்த சட்டையை மாட்டிக் கொள்ளலாம். 'இன்ன ஆடையை நீ உடுத்தவே கூடாது' என்று அவருக்கு ஆணையிடச் சட்டத்தில் இடமில்லை. இந்தச் சாதாரண உரிமை மக்களுக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை.

முதலில் பண்டைய ரோமைப் பார்ப்போம். அங்கே அன்றாட உடை டூனிக் என்னும் தொளதொளத்த அங்கி. அதன்மேல் டோகா என்ற நீண்ட கம்பளி ஆடையைச் சுற்றிக் கொள்ளும் உரிமை ரோமானியக் குடிமகனுக்கு மட்டுமே உண்டு. அடிமைக்கும் அயல்நாட்டானுக்கும் இல்லை. டூனிக்கில் அகன்ற கருஞ்சிவப்புப் பட்டை இருந்தால் அவர் செனட் உறுப்பினர். குறுகிய பட்டையானால் அடுத்த படியினர். உயர்தரப் பட்டைக்குரிய சாயம் ஒருவகைக் கடல் நத்தையிலிருந்து வந்தது. வேதியியல் முறையில் பார்த்தால் அது நம் அவுரிச் செடியின் நீலமேதான். மூலக்கூறில் இரண்டு புரோமின் அணுக்கள் கூடுதல், அவ்வளவே. 1909-இல் பால் ஃபிரீட்லாண்டர் என்ற வேதியியலார் 12,000 நத்தைகளிலிருந்து 1.4 கிராம் சாயமே எடுக்க முடிந்தது என்றால் அதன் விலையை நீங்களே ஊகிக்கலாம். விலையே காவல் நின்றது. அதுவும் போதாதென்று நீரோ மன்னன் அச்சாயத்தின் உயர்ந்த வகைகளுக்குத் தடை விதித்தான்.

அடிமைகளுக்குத் தனி உடை விதிக்கலாம் என்று ஒருமுறை செனட்டில் யோசனை எழுந்ததாம். 'அவர்கள் நம்மை எண்ணத் தொடங்கிவிட்டால் என்ன ஆகும்?' என்ற அச்சத்தில் அது கைவிடப்பட்டது என்று செனீகா எழுதியிருக்கிறார். கெட்டிக்காரர்கள்தாம்!

நத்தைச் சாயத்துக்கு விலை காவல். மலிவான சில முழம் பருத்தித் துணிக்கு யார் காவல்? இதற்கு விடை நம் குமரி மாவட்டத்தின் வரலாற்றில் இருக்கிறது. அப்பகுதி அன்று திருவிதாங்கூர் அரசின் தென்கோடி. 1956 நவம்பர் 1-இல்தான் தமிழகத்தோடு இணைந்தது. மேல்நிலையினர் முன் மேலாடையை விலக்கி நிற்பதே மரியாதை என்பது அங்கிருந்த வழக்கம். மேல்சாதிப் பெண்கள் தமக்கும் மேலானவர் முன் மட்டும் அவ்வாறு செய்தனர். நாடார் பெண்களும் அவர்களுக்குக் கீழாக வைக்கப்பட்ட சாதிப் பெண்களும் தோளில் துணி போடவே கூடாது.

கிறிஸ்தவ மதத்தைத் தழுவிய நாடார் பெண்கள் மார்பை மறைக்க விரும்பினர். 1814-இல் கர்னல் மன்றோவின் ஆணை அவர்களுக்குக் குப்பாயம் என்ற ரவிக்கையை அனுமதித்தது. சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிள்ளைப் பெண்களும் அணிந்ததைப் போன்றது அது. ஆனால் பெண்கள் அத்துடன் நிற்கவில்லை. குப்பாயத்தின்மேல் தோள்சீலையும் போட்டார்கள். 1822 முதல் கலவரம் மூண்டது. சந்தைக்கும் சாலைக்கும் வந்த பெண்களின் துணிகள் கிழிக்கப்பட்டன. 1829-இல் அரசு தீர்ப்புச் சொன்னது: குப்பாயம் போடலாம், தோள்சீலை கூடாது.

இங்கே சற்று நின்று யோசியுங்கள். மானத்தை மறைப்பதுதான் பிரச்சினை என்றால் குப்பாயமே போதுமே! அரசு அதைத்தான் அனுமதித்துவிட்டதே! தகராறு மூடுவதைப் பற்றியதன்று. 'எங்களைப் போல' மூடுவதைப் பற்றியது. பார்த்தவுடன் ஆளைப் பிரித்தறிய முடியாமல் போய்விடும் என்பதே ஆதிக்கம் செலுத்தியோரின் கவலை.

1858–59-இல் கலவரம் மீண்டும் வெடித்தது. வீடுகளும் மிஷன் கட்டடங்களும் எரிந்தன. சென்னை கவர்னர் சர் சார்லஸ் டிரவெல்யன் நெருக்கவே, 1859 ஜூலை 26-இல் மன்னர் உத்திரம் திருநாள் புதிய ஆணை பிறப்பித்தார். நாடார் பெண்கள் எம்மதத்தவராயினும் குப்பாயம் அணியலாம். முரட்டுத் துணியை மீனவப் பெண்களைப் போலச் சுற்றிக் கட்டலாம். வேறு எவ்விதமாகவும் மார்பை மறைக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் மட்டும் கூடாது! முப்பத்தேழு ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகும் அந்த ஒரு வரியை விட்டுக்கொடுக்க அரசுக்கு மனம் வரவில்லை. காகிதத்தில் நின்ற அந்த நிபந்தனையைப் பெண்கள் உடுத்திய விதமே நாளடைவில் செல்லாததாக்கிவிட்டது.

இது திருவிதாங்கூரோடு ஒழிந்த கதை என்று எண்ணிவிட வேண்டாம். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தனர். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது, சட்டை, பனியன் கூடாது, பெண்கள் ரவிக்கையோ தாவணியோ அணியக் கூடாது, பூச்சூடக் கூடாது. மழைக்கும் வெயிலுக்கும் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்பும் கூடாது என்பது அந்தப் பட்டியலின் எட்டாவது தடை.