தாத்தா வாங்கிய மோட்டார்: எடைக்குப் போடலாமா?

எண்ணூறு கிலோ இரும்பு! காயலான் கடைக்காரர் கண்ணுக்கு அவ்வளவுதான்.

வீட்டுக்காரருக்கோ அது தாத்தா ஆசையோடு வாங்கிய கார். அப்பா கல்யாண ஊர்வலம் போன கார். வாசலில் புதுக் கார் வந்து நிற்கிறது. கொட்டகையில் பழைய கார் தூசி படிந்து கிடக்கிறது. "இதை என்ன செய்வது?" என்ற பேச்சு வீட்டில் எழுகிறது.

காவிரிப் படுகையில் நெல் விற்ற பணத்தில் மோட்டார் வாங்கிய குடும்பங்கள் உண்டு. முன்பு தஞ்சை மாவட்டத்தில் இருந்து, இன்று திருவாரூர் மாவட்டத்தில் இருக்கும் நன்னிலம் வட்டாரத்திலும் இந்தப் பேச்சு புதிதல்ல.

பழைய காரை வைத்துக்கொள்ள லட்சாதிபதியாக இருக்க வேண்டுமா? வேண்டாம். ஆனால் மூன்று காரியங்களில் கவனம் வேண்டும். ஒன்று, பதிவு. இரண்டு, இன்ஷூரன்ஸ். மூன்று, பராமரிப்பு. இவற்றில் முதல் இரண்டும் வெறும் காகிதம். அந்தக் காகிதத்தில் கோட்டை விட்டுத்தான் பலர் காரை இழக்கிறார்கள்!

பந்தயக் காரின் உறவுக்காரர்

'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' காரை எடுத்துக்கொள்வோம். அது நம் தமிழ்நாட்டுக் கார். சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் இருந்த தொழிற்சாலையில் 1961-ம் ஆண்டு முதல் தயாரானது. பார்க்கச் சாது. ஆனால் அதன் உறவுக்காரர் யார் தெரியுமா?

இங்கிலாந்தில் 1962-ல் வெளிவந்த 'டிரையம்ப் ஸ்பிட்பயர்' என்ற ஸ்போர்ட்ஸ் கார்தான். ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கித்தான் ஸ்பிட்பயரைச் செய்தார்கள். என்ஜினும் ஒரே குடும்பம். இரண்டிலும் முன்பக்க மூடி முழுவதும் முதலை வாய் போல முன்னோக்கித் திறக்கும். மெக்கானிக் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை செய்யலாம்!

ஸ்பிட்பயர் 1980-ல் நின்றுபோயிற்று. ஆனாலும் அதை வைத்திருப்பவர்கள் இங்கிலாந்தில் இன்றும் ஏராளம். அவர்களுக்காகப் பல உதிரி பாகங்களைப் புதிதாகவே செய்து விற்கிறார்கள். அவற்றில் சில நம் ஹெரால்டுக்கும் பொருந்தும். "சாமான் கிடைக்காது" என்று கைவிடும் முன் இதை விசாரித்துப் பார்க்கலாம்.

இரண்டு வழிகள்

பழைய காரைச் சட்டப்படி வைத்துக்கொள்ள இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, சாதாரணப் பதிவு. சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம் செல்லும். அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை காரைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 20 வருடம் தாண்டிய காருக்கு இந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரியும் உண்டு. ஆனால் காரை நினைத்தபோது ஓட்டலாம். திருவாரூர்த் தேருக்கும் போகலாம், மாயவரத்துக் கடைத்தெருவுக்கும் போகலாம்.

இரண்டாவது வழி, 'விண்டேஜ்' பதிவு. மத்திய அரசு இதை 2021 ஜூலையில் கொண்டுவந்தது. முதன்முதல் பதிவு செய்து 50 வருடம் ஆன சொந்தக் கார்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் இது உண்டு. கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருடம் செல்லும். பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய்தான். ஏற்கெனவே பதிவான கார் தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம்.

நிபந்தனைகளும் உண்டு. அடிச்சட்டம், பாடி, என்ஜின் இவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. தினசரி உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், ரிப்பேர், பெட்ரோல் போடுவது போன்ற காரியங்களுக்கு மட்டுமே சாலைக்கு வரலாம்.

ஆகவே முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள். உங்கள் கார் ஓடப்போகிறதா, காட்சிக்கு நிற்கப்போகிறதா? அதற்குத் தகுந்த பதிவைச் செய்யுங்கள்.

ஆர்.சி. யார் பேரில்?

பல வீடுகளில் இங்கேதான் சிக்கல். தாத்தா காலமாகி வெகுகாலம் ஆகியிருக்கும். ஆர்.சி. புத்தகம் இன்னும் அவர் பேரிலேயே இருக்கும்.

சொந்தக்காரர் இறந்தால் 30 நாளைக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் வாரிசு தன் பேருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இதுதான் விதி. காலம் கடந்துவிட்டதா? இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் இரண்டையும் எடுத்துக்கொண்டு, அண்ணன் தம்பி, அக்காள் தங்கை சம்மதத்தோடு ஆபீசுக்குப் போய் விசாரியுங்கள். பாகப்பிரிவினையில் நிலத்தை எழுதுகிறவர்கள் காரை மறந்துவிடுகிறார்கள். காரும் சொத்துதான்!

விலையைப் பேசுங்கள்!

இன்ஷூரன்சில் இரண்டு வகை. ஒன்று, உங்கள் காரால் மற்றவருக்கு நேரும் தீங்குக்கு. சாலையில் ஓடும் வண்டிக்கு இது கட்டாயம். 2022 ஜூன் 1-ந் தேதி அமலான கட்டணப்படி, 1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு வருடம் 2,094 ரூபாய். வரி தனி. விண்டேஜ் என்று பதிவான காருக்கு இதில் பாதிதான். ஹெரால்டு 948 சி.சி. என்பதால் இந்த வகுப்பில் வரும்.

மற்றொன்று, உங்கள் காருக்கே நேரும் சேதத்துக்கு. இது கட்டாயமில்லை. ஆனால் இதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

புதுக் காருக்கு வயதுப்படி விலை குறைக்க ஓர் அட்டவணை உண்டு. ஐந்து வருடத்துக்கு மேல் அட்டவணை இல்லை. கம்பெனியும் சொந்தக்காரரும் பேசி ஒத்துக்கொள்ளும் விலைதான். கேட்காமல் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்?

உதாரணமாக, பாலிசியில் கார் விலை 50,000 ரூபாய் என்று இருக்கட்டும். மரம் விழுந்து ரிப்பேர் செலவு 40,000 ஆகிறது. ரிப்பேர்ச் செலவு விலையில் நூற்றுக்கு 75-ஐத் தாண்டினால் கார் முழு நஷ்டம் என்று கணக்கு! 50,000-க்கு 37,500-தான் எல்லை. ஆகவே கார் முடிந்தது. அதே காருக்கு 3 லட்ச ரூபாய் என்று பேசியிருந்தால் இது ஒரு சின்ன ரிப்பேர்தான். பிரீமியம் கொஞ்சம் கூடும். கார் பிழைக்கும்.

விலையைப் பேச அத்தாட்சி வேண்டும். நான்கு பக்கமும் படம் எடுங்கள். செலவு ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் விலை வாங்குங்கள். பத்து வருடம் தாண்டிய காரின் இரும்புப் பாகங்களுக்கும், டயர், டியூப், பேட்டரி, ரப்பர்ச் சாமான்களுக்கும் பாதி விலைதான் கிடைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

புயலும் வெள்ளமும்

2018 நவம்பர் 16-ந் தேதி வந்த கஜா புயலை டெல்டாக்காரர்கள் மறக்க முடியுமா? மற்றவருக்கு மட்டுமான பாலிசி வைத்திருந்தால், கொட்டகை சரிந்து கார் நசுங்கினாலும் ஒரு காசு வராது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்திருந்தால் புயல், வெள்ளம் இரண்டும் அடங்கும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை! காரைத் தண்ணீர் சூழ்ந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்த நிலையில் ஓட்டிப் பார்த்துக் கெடுத்தால் சாதாரணப் பாலிசியில் பணம் கிடைப்பது அரிது.

எலியும் பெட்ரோலும்

வைக்கோல் போருக்குப் பக்கத்தில் காரை நிறுத்தாதீர்கள். எலி ஒயரைக் கடிக்கும். அதனால் மின்கசிவு ஏற்பட்டால் காரும் போகும், போரும் போகும். மண் தரை ஈரம் அடிப்பாகத்தைத் துருவாக்கும். சிமெண்டுத் தரை போட்டு, காற்றோட்டம் விடுங்கள். தார்ப்பாயைக் காரோடு ஒட்டி இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

பெட்ரோலும் மாறிவிட்டது. 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. ஈயத்தை நம்பிச் செய்த பழைய என்ஜினில் வால்வு உட்காரும் இடம் சீக்கிரம் தேயும். என்ஜின் தலையைக் கழற்றும்போது கெட்டியான 'வால்வு சீட்' போட்டுக்கொள்வது நல்லது. இப்போது பெட்ரோலில் நூற்றுக்கு 20 வரை எதனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பர்க் குழாயைக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். குழாய்களைப் புதுவகை ரப்பருக்கு மாற்றுங்கள். பெட்ரோலை மாதக்கணக்கில் டாங்கியில் தேக்காதீர்கள்.

பேட்டரி மாற்றும்போதும் கவனம். பழைய ஆங்கிலக் கார்கள் பலவற்றில் பிளஸ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். இக்காலப் பழக்கத்தில் மாற்றிப் பூட்டினால் டைனமோவுக்கு ஆபத்து.

ஓட்டும் கை வேறு

புதுக் காரை ஓட்டிய கையோடு பழைய காரில் ஏறுகிறவர்கள் நிதானிக்க வேண்டும். பழைய டிரம் பிரேக்குக்குக் காலை அழுத்தி மிதிக்க வேண்டும். முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் இடைவெளி இரண்டு பங்கு வேண்டும். ஹெரால்டின் பின்சக்கர அமைப்பு தனி ரகம். வளைவில் வேகமாகப் போய்த் திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கும், கார் தடுமாறும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பதுதான் புத்திசாலித்தனம்.

அவசரத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் புதுக் கார். நல்ல நாளுக்குப் பழைய கார். பதினைந்து நாளைக்கு ஒரு முறை, என்ஜின் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டினால் போதும். விண்டேஜ் பதிவு என்றால் விதிக்கு உட்பட்டுத்தான் சாலைக்கு வர வேண்டும்.

எடைக்குப் போட்டால் இரும்பு விலை அன்றோடு செலவாகிவிடும். வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தால் அரைகுறையாக வைக்காதீர்கள். ஐப்பசி அடைமழை தொடங்குவதற்குள் மூன்றையும் பாருங்கள்: ஆர்.சி.யில் யார் பேர், பாலிசியில் என்ன விலை, கொட்டகைக் கூரை ஒழுகுகிறதா? மூன்றும் சரியாக இருந்தால் தாத்தாவின் கார் பேரன் கல்யாணத்துக்கும் வாசலில் வந்து நிற்கும்!