ஐந்து மணி நேரம் போதுமா?

ஒரு பாடம் கோர்ட்டுப் படியேறி நமது சர்வகலாசாலைகளுக்குள் பிரவேசித்தது. வக்கீல் ஸ்ரீ எம். ஸி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுப்புறத்தைக் காக்கும் கல்வி பள்ளிகளிலும் கலாசாலைகளிலும் கட்டாயமாக இருக்க வேண்டுமென்று 1991-ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. பன்னிரண்டு வருஷம் கழித்து, 2003-இல்தான் சர்வகலாசாலை மானியக் கமிஷனின் ஆறு மாதப் பாடத்திட்டம் உருவாயிற்று. அதில் மொத்தம் 50 பாட நேரம் இருந்தது. வகுப்பறைக்குள் 45, ஆற்றையும் குன்றையும் நேரில் சென்று காண 5!

அத்திட்டத்தில் எழுத்துப் பரீக்ஷைக்கு 75 மார்க்கு இருந்தது. ஆற்றின் அசுத்தத்தைப் பற்றி எழுதி அதில் 60 வாங்கும் மாணவன், தன் விடுதிச் சாக்கடை எந்த ஆற்றில் கலக்கிறதென்று அறியாமலே பட்டதாரியாகிவிட முடிந்தது.

இதற்கு மாற்றுவழியை நம் தேசம் முன்பே கண்டிருக்கிறது. தஞ்சாவூரில் பிறந்த ஸ்ரீ ஜே. ஸி. குமரப்பா, மகாத்மாவின் விருப்பப்படி, 1929-30-இல் குஜராத் வித்யாபீடத்து மாணவர்களைத் துணைகொண்டு மாத்தர் தாலுகாவின் கிராமங்களில் குடியானவர்களின் வாழ்க்கை நிலையைக் கணக்கெடுத்தார். இயற்கையை அழித்துச் சேர்க்கும் செல்வம் நிலையாது என்று பின்னர் சிறையிலிருந்தபடி நூல் எழுதியவரும் அவரே. கிராமமே அந்த மாணவர்களுக்கு வகுப்பறை.

இன்றும் இது சாத்தியமே. இரசாயனம் படிப்பவர் விடுதிக் கிணற்று நீரைச் சோதிக்கட்டும். வர்த்தகம் படிப்பவர் கலாசாலையின் மின்சாரச் செலவைக் கணக்கிடட்டும். அந்த முடிவுகளை நிர்வாகத்தின் முன் வைக்கட்டும்.

பெற்றோராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம், "எத்தனை மார்க்கு?" என்பதற்கு முன், "உங்கள் கலாசாலைக் கழிவுநீர் எங்கே போகிறது?" என்று கேட்போமாக.