கணக்கும் கணினியும் – 9: ஜாவாவை யார் கொண்டுவர வேண்டும்?

மும்பையின் மாஹிம் ரயில் நிலையத்தின் கிழக்கு வாசலில் இறங்கினால் தாராவி; மேற்கே எல்.ஜே. ரோட்டை நோக்கி நடந்தால், குறுகிய மாடிப்படிகளுக்கு மேலே இரண்டு மேஜையும் ஒரு கணினியுமாக ஆடிட்டர் ஆபீஸ்கள். தாராவியில் தோல் பைகளும் பெல்ட்டுகளும் செய்விக்கும் தமிழ் முதலாளிகள் பலர் தங்கள் வரிக் கணக்கை ஒப்படைப்பது இத்தகைய இடங்களில்தான். ஒப்பந்தக்காரருக்கும் வாடகைக்கும் பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் டிடிஎஸ் வரியைப் பற்றிச் சென்ற வாரம் எழுதினேன். அந்தப் பிடித்தத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்காருக்குத் தெரிவிக்க உதவும் மென்பொருளே இவ்வார விஷயம்.

அது பிறக்கும் இடம் வெகுதூரமில்லை. மாஹிமிலிருந்து தெற்கே நான்காவது நிலையமாகிய லோயர் பரேலில், கமலா மில்ஸ் வளாகத்திலிருந்து இயங்கிவந்ததும் 2021-இல் புரோட்டியன் என்று பெயர் மாறியதுமான என்.எஸ்.டி.எல். ஈ-கவர்னன்ஸ் ஸ்தாபனம் அளிக்கும் ஆர்.பி.யூ., எஃப்.வி.யூ. என்ற இரண்டும் ஜாவா மொழியில் எழுதப்பட்டவை. முன்னதில் விவரங்களை நிரப்புகிறோம். பின்னது பிழை பார்த்து, ஏற்கத்தக்க கோப்பை ஆக்கித் தருகிறது. இரண்டும் இலவசம், அது போற்றத்தக்கதே. ஆயினும் அவை இயங்குவதற்கு வேண்டிய ஜாவாவை, அதுவும் குறிப்பிட்ட பதிப்புகளில் ஒன்றை, உபயோகிப்பவரே தருவித்து நிறுவிக்கொள்ள வேண்டும் என்பது நெடுங்கால நிபந்தனையாக இருந்துவந்தது.

இந்த நிபந்தனையின் சிரமம் கடைசித் தேதியில்தான் தெரியும். ஜாவா நிரலின் கோப்பு உள்ளமைப்பில் ஒரு ஜிப் கோப்பேயாதலால், கணினியில் ஜாவா இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஜிப் பிரிக்கும் வேறொரு மென்பொருள் அந்தக் கோப்பு வகையைத் தன்வசம் எடுத்துக்கொண்டிருந்தால், குமாஸ்தா இரு முறை சொடுக்கியதும் படிவம் திறப்பதற்குப் பதிலாக, பொருள் விளங்காத உட்கோப்புகளின் பட்டியல் விரிகிறது. கோப்பு கெட்டுவிட்டதென்று எண்ணி அவர் மறுபடியும் தரவிறக்குகிறார். அதே பட்டியல் மறுபடியும் விரிகிறது. படிவம் தாமதமானால், செலுத்த வேண்டிய வரித்தொகைக்கு மேற்படாமல், நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் என்ற விதி 2012 ஜூலையிலிருந்து இருக்கிறது.

கணினியில் எல்லா நிரல்களுக்கும் பொதுவாக ஒரே ஜாவாவை நிறுவும் முறையின் பட்சத்திலும் நியாயம் உண்டு. 1995-இல் ஸன் மைக்ரோஸிஸ்டம்ஸ் அதை வெளியிட்டபோது, தொலைபேசிக் கம்பி வழியே மெல்ல மெல்லத் தரவிறக்கிய காலத்தில், ஒரே ஜாவாவைப் பல நிரல்கள் பகிர்ந்துகொள்வது பெரும் சௌகரியம். அதில் பாதுகாப்பு ஓட்டை கண்டால் ஓரிடத்தில் அடைத்தாலே எல்லாவற்றுக்கும் காப்பு. ஆனால் அந்தக் காப்பு, ஜாவாவைப் புதுப்பிக்க விடும் நிரல்களுக்கே பொருந்தும். பழைய பதிப்பையே கேட்கும் நிரல் ஒன்று இருந்தால், அதற்காக ஓட்டை அடைபடாத ஜாவாவை வைத்திருக்க வேண்டியதாகிறது. அடைபடாத ஓட்டை எத்தகைய அபாயம் என்றால், 2013 ஜனவரியில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே, உலாவியில் ஜாவாவை நிறுத்திவைக்கும்படி மக்களை எச்சரித்தது.

இதைவிட என்னை உறுத்துவது உரிமப் பிரச்சினை. 2010-இல் ஸன்னை வாங்கிய ஆரகிள், 2019 ஏப்ரலில் ஜாவா 8-இன் உரிமத்தை மாற்றி, அதன் புதிய பதிப்புகளைச் சொந்த உபயோகத்துக்கு இலவசமாகவும் வியாபார உபயோகத்துக்குப் பெரும்பாலும் கட்டணத்துக்குமாக வைத்தது. ஓப்பன் ஜேடிகே போன்ற கட்டற்ற மாற்றுகள் உண்டென்பதைத் தோல் பட்டறைக்காரர் எங்கே அறிவார்? சட்டம் கேட்கும் படிவத்தைக் கொடுக்கப் போனவர், தாம் படித்திராத ஓர் அந்நியக் கம்பெனியின் ஒப்பந்தத்துக்குச் சம்மதம் தெரிவித்துவிட்டு வருகிறார். பிரஜையை இந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்துவது எவ்வகையிலும் தர்மமல்ல என்பது என் அபிப்பிராயம்.

நிரல் எழுதுவோருக்கான கருவிகளின் விஷயம் வேறு. போவாயிலுள்ள மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுட்டோரியல் பாடங்களைப் பார்த்துப் பைத்தானோ ஜாவாவோ கற்கும் மாணவர், மொழியை நிறுவுவதையும் பாடத்தின் அங்கமாகவே கொள்கிறார். அவர் நாடி வந்ததே அந்த மொழியைத்தான். வரிப் படிவம் நிரப்புகிறவரோ ஜாவாவை நாடி வரவில்லை.

நிரலோடு அதற்கு வேண்டிய ஜாவாவையும் சேர்த்துக் கட்டித் தர வழியில்லை என்று இன்று ஒருவரும் சொல்ல இயலாது. தேவையான பகுதிகளை மட்டும் பிரித்தெடுக்கும் ஜேலிங்க் 2017-இல் ஜாவா 9-உடன் வந்தது. விண்டோஸில் நேரே நிறுவும்படி பொதியாக்கும் ஜேபேக்கேஜ் 2021 மார்ச்சில் ஜாவா 16-இல் நிலைபெற்றது. பொதி சற்றுப் பருக்கும். உள்ளிருக்கும் ஜாவாவில் ஓட்டை கண்டால் பொதியையே புதுப்பித்து வெளியிடும் வேலையும் வெளியிட்டவர் தலையில் விழும். அந்த வேலைக்கு வேண்டிய ஆளும் அறிவும் லோயர் பரேலில் இருக்கின்றன. மாஹிம் மாடியறைக் குமாஸ்தாவிடம் இல்லை.

(தொடரும்)