கண்டனமும் கைப்பயிற்சியும்

ஓவியனைத் தேர்ச்சியடையச் செய்வது கண்டனமா, பயிற்சியா என வினவுவோர்க்கு ஒல்லாந்து நாட்டு ஓவியர் வின்சென்ற் வான்கோவின் வாழ்க்கை தக்க விடையளிக்கின்றது. 27ஆம் வயதிலே இத்துறையிற் புகுந்த அவர், உழவர் முகங்களை ஏறத்தாழ 40 படங்களிற் தீட்டிப் பழகிய பின்னரே, 1885இல் ‘உருளைக்கிழங்கு உண்போர்’ என்னும் ஓவியத்தை ஆக்கினார்.

அதன் கல்லச்சுப் படியைக் கண்ட நண்பர் வான் ரப்பார்ட், உருவங்கள் செவ்வனே அமையவில்லையெனக் கடிந்தெழுதினார். வான்கோ வெகுண்டு அக்கடிதத்தைத் திருப்பியனுப்பினார், நட்புங் குன்றிற்று. ஆயினும், அவ்வாண்டுக் கோடையிலே வயலில் உழைப்போரின் உருவங்களைத் திரட்சி தோன்றப் பன்முறை வரைந்து பழகினார். நிறங்கள் இருண்டுள்ளன எனத் தம்பி தியோ சுட்டிய குறையை, 1886இல் பாரிசிலே மலரோவியங்கள் பல தீட்டிக் களைய முயன்றார்.

பிறர் கண்ணுக்குத் தோன்றிய குறையைத் தன் கையாற் களைய முற்படுபவனிடத்தே கலை வளரும் என்பது இதனாற் பெறப்படும்.