செங்கிப்பட்டிக்குப் போகாமலே

எங்க திருமானூர்ப் பக்கம் பெரியவங்க காசநோய்னு வாயால சொல்ல மாட்டாங்க. "அவரைச் செங்கிப்பட்டியில சேர்த்திருக்கு"ன்னு மட்டும் சொல்வாங்க. கேக்கறவங்களுக்குப் புரிஞ்சிடும். கொள்ளிடப் பாலத்தைத் தாண்டி, தஞ்சாவூரையும் தாண்டிப் போனால் வரும் காசநோய் ஆஸ்பத்திரி அது. ஊரை விட்டு, வீட்டை விட்டுப் போய்ப் படுத்தால்தான் இந்த நோய் தீரும் என்பது அந்தத் தலைமுறையின் நம்பிக்கை. டாக்டர்களும் ரொம்ப காலம் அப்படித்தான் நம்பினார்கள்: ஓய்வு, நல்ல காற்று, பால், முட்டை.

அந்த நம்பிக்கையை உடைத்த ஆராய்ச்சி நடந்தது சென்னையில்.

1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாலும் சேர்ந்து நடத்தின. தலைமை வாலஸ் ஃபாக்ஸ். அப்போது நாட்டில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் சானடோரியம் படுக்கைகள் ஒன்றுமே இல்லை. அதனால் கேள்வி நேரடியானது: நெரிசலான ஒரே அறை வீட்டில் இருக்கும் ஏழைக்கு மாத்திரையை மட்டும் கொடுத்தால் குணமாகுமா?

193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப்பேர் சானடோரியத்துக்கு, பாதிப்பேர் வீட்டுக்கு. இருவருக்கும் ஒரே மருந்து, ஐசோனியாசிடும் பாஸும், ஒரு வருஷம். வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், அதிகம் வேலை செய்தார்கள், எடையும் அவ்வளவாக ஏறவில்லை. ஆனாலும் வருஷக் கடைசியில் சளியில் கிருமி அடங்கியவர்கள் வீட்டில் நூற்றுக்கு 86, சானடோரியத்தில் 92. பெரிய வித்தியாசம் இல்லை. கூட இருந்த குடும்பத்தாரை ஐந்து வருஷம் கவனித்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தில் நோய் கூடுதலாக வரவில்லை. தொற்றுவது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னால்தான். மருந்து தொடங்கியதும் பரவும் வேகம் சட்டென்று குறைந்துவிடுகிறது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது மாத்திரை விஷயம்தான். பாஸ் வயிற்றைப் புரட்டும் மருந்து; ஜனங்கள் நைசாக விட்டுவிடுவார்கள். அதனால் சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரில் மருந்து இருக்கிறதா என்று பார்த்தார்கள். கண்ணெதிரே மாத்திரை விழுங்க வைக்கும் முறை பின்னால் உலகம் முழுக்கப் பரவியதே, அதற்கு இங்கேயும் ஒரு வேர் இருக்கிறது.

ஆனால் இந்த முடிவைப் பலர் கொஞ்சம் இழுத்துப் படித்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. "அப்போ சாப்பாடு முக்கியமில்லை" என்று. மருந்து கிருமியைக் கொல்லுமா என்பதைத்தான் அந்த ஆய்வு கேட்டது. யாருக்கு நோய் வருகிறது, யார் சாகிறார்கள் என்பது வேறு கேள்வி.

அந்த வேறு கேள்விக்குப் பதில் 2023-ல் வந்தது. ஜார்க்கண்டில் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா குழு, சேத்துப்பட்டு மையத்தோடும் (இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) சேர்ந்து நடத்திய ஆய்வு. நோயாளிகள் எல்லாருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஒரு பகுதியில் மட்டும் வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறிய நோயாளிகளிடம் இறப்பும் குறைவாக இருந்தது. ரேஷன் கடைச் சரக்கு, தடுப்பூசி மாதிரி வேலை செய்திருக்கிறது!

தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும் இதைத்தான் பிடித்துக்கொண்டது. நோய் உறுதியானதும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடை, உயரம் பார்க்கிறார்கள். கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு நிமிஷத்துக்கு எத்தனை, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். ரொம்ப மெலிந்தவரையும் மூச்சு திணறுபவரையும் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். மற்றவர்கள் மாத்திரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போகலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறவர் முதலில் சளிப் பரிசோதனைக்குப் போகணும், அவ்வளவுதான்.